புல்லையும் விதைக்க வேண்டுமா?

“நெல்லை விதைக்கிறோம், கம்பை விதைக்கிறோம், புல்லை யாராவது விதைப்பார்களா? அது தானாக முளைக்கிற பொருள் ஆயிற்றே!” என்று கேட்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வகையில் அவர்கள் சொல்வது சரிதான். புல் தானாக முளைக்கும். ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய புல், வேண்டிய அளவு தானாக முளைப்பதில்லை. மாடு வளர்ப்பவரின் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அறிவார்கள். பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. நேர் எதிரே, மேற்குப் புறத்தில் இருப்பது அடி அண்ணாமலை. பாதையில் நின்று மலையைப் பாருங்கள். சரிவுகளில் இடுப்பளவு உயர்ந்த புல் தெரியும். “இவ்வளவு புல் இருக்கும்போது மாட்டுக்குத் தீவனப் பஞ்சமா?” என்று தோன்றும். அந்தப் புல்லின் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் விடை கிடைத்துவிடும். எலுமிச்சை போன்ற மணம் வீசும் அது எலுமிச்சைப்புல்லின் இனத்தைச் சேர்ந்தது. முற்றிய பிறகு மாடுகள் அதை விரும்பித் தின்பதில்லை. அதன் எண்ணெயே அதற்குக் காவல். தின்னப்படாமல் நின்று காய்ந்த புல் கோடையில் தீப்பிடித்து மலையை எரிக்கிறது. சமவெளியில் முன்பு மேய்ச்சலுக்குக் கிடந்த இடங்கள் பலவும் இப்போது மனைகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டன. ஆகவே இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பம், தன்னிடமுள்ள சிறு மானாவாரி நிலத்திலேயே தீவனத்தை வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தீவனம் வேண்டும்? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மாடு நாள்தோறும் தன் எடையில் ஏறத்தாழ 100க்கு 2.5 பங்கு உலர்பொருளைத் தின்னும். நீரை முழுவதும் நீக்கிய பிறகு மிஞ்சும் எடையே உலர்பொருள். மாட்டின் எடை 350 கிலோ என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோ. ஆண்டுக்கு 3,285 கிலோ. இதை முழுவதும் வைக்கோலாகவே போட்டுவிடலாமே என்பீர்கள். வயிறு நிறையும், உண்மைதான். ஆனால் வைக்கோலில் புரதம் 100க்கு மூன்று அல்லது நான்கு பங்குதான். மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நார்ப்பொருளைச் சிதைத்து மாட்டுக்கு உணவாக்குபவை அவையே. அந்த நுண்ணுயிர்களுக்கும் நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் புரதம் 100க்கு ஏழு பங்குக்குக் கீழே போய்விட்டால் அவை சோர்ந்துவிடுகின்றன. வைக்கோல் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. மாடு மேலும் தின்ன மறுக்கிறது. வைக்கோல் போர் நிறைய இருந்தும் மாடு இளைப்பது இதனால்தான். இளம்புல்லும் பயறு இனச் செடியும் சேர்ந்தால் இந்தக் குறை தீரும்.

எந்தப் புல்?

கிணறும் மோட்டாரும் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நாடுவார்கள். கம்பையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யானைப்புல்லையும் ஒட்டுச் சேர்த்துக் கோயம்புத்தூரில் 1953-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலில் உருவாக்கினார்கள். கம்பில் குரோமோசோம்கள் 14, யானைப்புல்லில் 28. பாதியும் பாதியும் சேர, குழந்தைக்கு 7 + 14 = 21. ஒற்றைப்படை எண் என்பதால் குரோமோசோம்கள் இணை சேர முடியாது. எனவே இந்தப் புல்லுக்கு விதையே பிடிப்பதில்லை! தண்டையோ வேர்க்கட்டையையோ வெட்டி நட வேண்டும். கரும்பு நடுவது போலத்தான். விளைச்சல் மிக அதிகம். ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை.

நாம் எடுத்துக்கொண்டது மழையை மட்டும் நம்பிய செம்மண் நிலம். அதற்கு ஏற்றது கொழுக்கட்டைப்புல். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இயற்கையாக வளரும் புல் இது. நம் நாட்டில் இதற்குப் புகழ் தேடித் தந்தது காங்கயம் பகுதி. அங்கே ‘கொரங்காடு’ என்று வழங்கும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கிளுவை முள்வேலி சுற்றிலும் இருக்கும், நடுவே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். காங்கயம் காளைகளின் உடற்கட்டுக்கு அந்த நிலமும் ஒரு காரணம் எனலாம். திருவண்ணாமலை வட்டாரம் காங்கயத்தைவிட மழை மிகுந்தது. தென்மேற்குப் பருவத்தில் மாலை நேர இடிமழையும் வடகிழக்குப் பருவத்தில் அடைமழையும் ஆக இரண்டு பருவத்திலும் இங்கே மழை உண்டு. காங்கயத்தில் பிழைக்கும் புல் இங்கே பிழைக்காதா?

பிழைக்கும். ஆனால் முதல் அறுபது நாட்களைத் தாண்ட வேண்டும். வேரூன்றிவிட்ட கொழுக்கட்டைப்புல்லை வறட்சி எளிதில் கொல்லாது. முளைத்து மூன்று வாரமான கொழுக்கட்டைப்புல்லையோ நான்கு நாள் வெயில் கொன்றுவிடும். புல் விதைத்து ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

முந்நூறு விதைக்கு ஏழு செடி

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொழுக்கட்டைப்புல்லுக்கு ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதையும், 50 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியும் பரிந்துரைக்கிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; ஒரு புதிர் தோன்றும்.

கொழுக்கட்டைப்புல்லின் ‘விதை’ என்று கடையில் விற்பது உண்மையில் ஒரு சிறு முட்கொத்து. மெல்லிய மயிர் போன்ற இழைகள் சுற்றியிருக்க, உள்ளே ஒன்றோ இரண்டோ மணி இருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இராது. ஒரு கிலோவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கொத்துகள் இருக்கும். ஆறு கிலோவில் முப்பது இலட்சம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். எனவே ஒரு சதுர மீட்டரில் விழுபவை 300 கொத்துகள். இனி இடைவெளியைப் பார்ப்போம். ஒரு செடிக்கு 0.5 × 0.3 = 0.15 சதுர மீட்டர் இடம். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் நிற்க வேண்டியவை ஆறு அல்லது ஏழு செடிகளே! மீதி 293 என்ன ஆயின?

சில வெறும் கொத்துகள். சில உறங்குகின்றன. ஆம், விதைக்கும் உறக்கம் உண்டு. அறுவடை செய்த புதுக் கொழுக்கட்டை விதையை உடனே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் வரை அது உறங்கும். இது புல்லுக்கு நன்மையே. மழைக் காலத்தின் கடைசியில் உதிர்ந்த விதை, தவறி வந்த ஒரு தூறலை நம்பி முளைத்து மடியாமல், அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கிறது. ஆனால் விதைப்பவருக்குத் தொல்லை. ஆகவே சென்ற ஆண்டு விதையைக் கேட்டு வாங்க வேண்டும். அல்லது ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் வீதம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து அதில் இரண்டு நாள் ஊறவைத்து விதைக்க வேண்டும்.

சிலவற்றை எறும்பு இழுத்துச் செல்லும். செம்மண் நிலத்தில் எறும்புப் புற்றின் வாயில் குவிந்திருக்கும் புல் உமியை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்னும் சில ஆழமாகப் புதைந்து மடிகின்றன. இந்தக் கடைசிக் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் அது நம் கையில் இருக்கிறது.

விதைக்குள் இருக்கும் உணவு, தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு போன்றது. நாற்று வெளிச்சத்துக்கு வந்து தானே சமைக்கத் தொடங்கும் வரை அது போதுமானதாக இருக்க வேண்டும். கொழுக்கட்டைப்புல் மணியின் எடை கம்பு மணியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கம்பை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டாலும் முளைத்து வரும். இந்தச் சிறு மணியோ ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேலே வருவதற்குள் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். ஆகவே புழுதியாக உழுத நிலத்தில் விதையைத் தூவிவிட்டு மறுபடி ஏர் ஓட்டுவது விதையைப் புதைப்பதற்கு ஒப்பாகும். ஒரு முள் கிளையை லேசாக இழுத்துச் சென்றால் போதும், மண் மூடிக்கொள்ளும். பிறகு காலால் மெல்ல மிதித்துவிடலாம். மண் துகள் விதையோடு ஒட்டினால்தான் ஈரம் விதைக்குள் போகும். கொத்துகளின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் ஈர மணலில் கலந்து தூவுவது நல்லது.

முளைத்த பிறகுதான் உண்மையான கண்டம். புல் நாற்று முதலில் விடும் வேர் ஒற்றை வேர், நூல் போன்றது. அந்த வேரை மட்டும் நம்பிப் புல் நெடுநாள் வாழ முடியாது. இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தண்டின் அடிக்கணுவிலிருந்து, அதாவது மண்ணின் மேற்பரப்புக்கு மிக அருகிலிருந்து, புது வேர்கள் கிளம்புகின்றன. இவையே கடைசி வரை புல்லைத் தாங்கும் வேர்கள். இவை வெளிப்படும் அந்தச் சில நாட்களில் மேல்மண் ஈரமாக இருந்தாக வேண்டும். கீழே ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருந்தும் பயனில்லை. மேலே காய்ந்த மண்ணில் புது வேர் நுழைய முடியாமல் கருகிவிடும். ஒரு பெருமழையில் பச்சைப் பாய் விரித்தாற்போல் முளைத்த புல், மறுமழை தாமதித்தால் மூன்றாம் வாரத்தில் மொத்தமாக மறைவதன் இரகசியம் இதுதான்.

எனவே விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு மழை பெய்ததா என்று பார்ப்பது போதாது. அடுத்தடுத்து மழை வரும் காலமா என்று பார்க்க வேண்டும். ஆடியில் இடிமழை கொட்டும். பிறகு பத்து நாள் வெயில் காயும். அப்போது மண்ணை உழுது களையை முளைக்கவிட்டு அழித்துக்கொள்ளலாம். புரட்டாசி நடுவில் விதைத்தால் நாற்றின் மூன்றாம் வாரம் ஐப்பசி அடைமழையில் விழும். என் கருத்தில், வேறு எந்தச் செலவைக் குறைத்தாலும் இந்த நாட்கணக்கில் மட்டும் தவறக் கூடாது. இதற்குப் பணமும் தேவையில்லை.

துணைக்கு ஒரு பயறுச்செடி

புல்லோடு பயறு இனச் செடியையும் சேர்த்தால் புரதம் கூடும் என்றோம். மானாவாரிக்கு முயல் மசால் பொருத்தமானது. தென் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் பிறந்த செடிகளின் குடும்பம் அது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை மசால் என்பது வழக்கம். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் புல் ஓங்கி மசாலை மறைத்துவிடும். மணிச்சத்தை அடியுரமாக இடுவதே இங்கே முக்கியம்.

மசால் விதையின் உறக்கம் வேறு வகை. அது முளைக்காததற்குக் காரணம் கடினமான மேல்தோல். நீர் உள்ளே போகவே முடியாது. 80 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் நான்கைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் இளகும். கொதிக்கும் நீரில் போட்டால் கருவே வெந்துவிடும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானி இதற்கு உதவும். வேண்டுமானால் செய்து பாருங்கள்: நூறு விதையை வெந்நீரில் நனைத்தும், நூறு விதையை அப்படியேயும் ஈரத் துணியில் முடிந்து வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணுங்கள். வேறுபாட்டைப் பார்த்து வியப்பீர்கள்.

ஒரே வகைச் செடியை நம்புவதில் ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் முயல் மசாலின் உறவான ‘டவுன்ஸ்வில் ஸ்டைலோ’ என்ற செடி பெருவாரியாகப் பரவியிருந்தது. 1970-களில் ஒரு பூஞ்சை நோய் வந்து அதை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகே நோயைத் தாங்கும் வேறு இனங்களுக்கு மாறினார்கள்.

அதே ஆஸ்திரேலியாவில் நம் கொழுக்கட்டைப்புல்லின் கதை தலைகீழ். 1870-களில் ஒட்டகச் சேணங்களில் திணித்து வந்த புல்லிலிருந்து அது அங்கே பரவத் தொடங்கியது என்று கருதுகிறார்கள். மேய்ச்சல் பண்ணைகளில் அதை வரமென்று கொண்டாடினார்கள். பக்கத்துப் பாலைக் காடுகளிலோ அது உள்ளூர்ச் செடிகளை நெருக்கி, காய்ந்து, தீயைப் பரப்பியது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் இதே தொல்லை. அங்குள்ள மாபெரும் கள்ளிகள் தீக்குப் பழகாதவை. புல் ஒன்றே, ஒரு நாட்டில் செல்வம், இன்னொரு நாட்டில் களை. இங்கே அது சொந்த மண்ணின் புல் என்பதால் அந்த அச்சம் குறைவு. ஆயினும் மலையடிவாரத்தில் விளைத்த புல்லைக் கோடை வரை அறுக்காமல் நிறுத்துவது நல்லதன்று. அறுத்தால் தீவனம், விட்டால் விறகு.

முதல் ஆண்டில் மாடு கூடாது

விதைத்து முப்பதாம் நாள் ஒரு களையெடுப்பு. கோரையும் பார்த்தீனியமும் நாற்றைவிட வேகமாக வளரும் காலம் அது. எழுபது, எழுபத்தைந்து நாளில் புல் அறுவடைக்கு வந்துவிடும். இப்போது மாட்டை அவிழ்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும், விடக் கூடாது. மாடு புல்லைக் கடித்து அறுப்பதில்லை. நாக்கால் வளைத்துச் சேர்த்து இழுக்கிறது. வேர் இன்னும் ஆழப் போகாத புல், இழுப்பில் வேரோடு வந்துவிடும். கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து, குத்து அசையாமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். முதல் ஆண்டு முழுவதும் அரிவாளால் அறுத்துக் கொட்டிலில் போடுவதே பாதுகாப்பு. ஆடுகளோ இன்னும் அடியொட்டிக் கடிப்பவை. அவற்றுக்கு வேலி தேவை.

அறுக்கும்போது தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். பெரும்பாலான செடிகள் நுனியில் வளர்கின்றன. புல்லிலோ வளரும் திசு அடியில் இருக்கிறது. அதனால்தான் நுனியை மேய்ந்தாலும் புல் மீண்டும் எழுகிறது. மறுதளிர்ப்புக்கான மாவுப்பொருள் அடித்தண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். மழித்தாற்போல் அறுத்தால் அந்தச் சேமிப்பையே வெட்டியெடுத்தது போலாகும். முயல் மசாலுக்கு இது இன்னும் முக்கியம். அதன் மொட்டுகள் தரைக்குச் சற்று மேலே, கிளைகளில் இருக்கின்றன. மசால் முதல் ஆண்டில் மெதுவாகவே வளரும். அடுத்த ஆண்டுகளில்தான் அது தன் முழு அளவைக் காட்டும். பொறுமை இழந்து உழுதுவிடாதிருக்க வேண்டும்.

நன்கு பிடித்த கொழுக்கட்டைப்புல் நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு ஆண்டில் 40 டன் பசும்புல் தரும் என்று பல்கலைக்கழகம் கூறுகிறது. உலர்பொருள் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 8 டன். இரண்டு மாட்டுக்கு மேல் போதும். மழையை மட்டும் நம்பிய நிலத்தில் இதில் பாதி கிடைத்தாலும் ஒரு மாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த 4 டன்னும் ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. கார்த்திகையில் தின்ன முடியாத அளவு புல், பங்குனியில் ஒன்றுமில்லை. ஆகவே சேமிக்க வேண்டும். புல்லைச் சேமிக்கும் எளிய வழி உலர்த்துவது.

பூக்கத் தொடங்கும்போது அறுப்பது நல்லது. அதற்கு முன் எடை குறைவு. பின்பு நார் மிகுந்து புரதம் குறையும். கார்த்திகைத் தீபத்தை ஒட்டி வரும் முதல் அறுப்பை உலர்த்த முயலாதீர்கள், வானம் மூடியிருக்கும். அதைப் பசுமையாகவே போட்டுவிட வேண்டும். தையில் வரும் மறுதளிர்ப்பே உலர்த்துவதற்கு உரியது. பனி காய்ந்த பிறகு அறுத்து, மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது புரட்ட வேண்டும். மசால் இலை காய்ந்ததும் உதிரும். இலையில்தான் புரதம் மிகுதி. எனவே அதை வெயில் ஏறிய பின் புரட்டாமல் காலையிலேயே புரட்டிவிட்டு, முக்கால் பதம் காய்ந்ததும் நிழலுக்குக் கொண்டு போகலாம்.

பசும்புல்லில் 100க்கு 80 பங்கு நீர். உலர்புல்லில் அது 15 பங்குக்கு வர வேண்டும். 100 கிலோ பசும்புல்லில் 20 கிலோ உலர்பொருள் உண்டு. அந்த 20 கிலோ, உலர்புல்லின் 85 பங்காக அமைய வேண்டும். ஆகவே கிடைக்கும் உலர்புல் 20 ÷ 0.85 = 23.5 கிலோ. 76.5 கிலோ நீரைச் சூரியன் செலவின்றி எடுத்துக்கொள்கிறது!

சரியாகக் காயாமல் போர் வைத்தால் என்ன ஆகும்? அறுத்த புல்லின் செல்கள் உடனே சாவதில்லை, சுவாசித்துக்கொண்டே இருக்கும். ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். போரின் நடுவே வெப்பம் ஏறும். புல் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். சில வேளைகளில் யாரும் கொளுத்தாமலே போர் தீப்பற்றுவதும் உண்டு.

பதம் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். வாய் அகன்ற, நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து, உலர்த்திய புல்லைத் துண்டுகளாக நறுக்கிப் பாதியளவு போடுங்கள். வாணலியில் வறுத்து ஆறவைத்த பொடியுப்பு இரண்டு தேக்கரண்டி சேர்த்து இறுக மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் போர் வைக்கலாம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும்.